நீரை அளந்து பயிரிடுவோம்

மாரி ஓய்ந்து தை, மாசி கடந்ததும் எமது நிலம் காயத் தொடங்குகின்றது. வடக்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான காலத்திலேயே பெய்து முடிந்துவிடும். சித்திரையில் ஓரிரு மழை கிடைக்கலாம். அதன்பின் வைகாசியில் சோளகக் காற்று எழும். ஆவணி, புரட்டாதி வரை அது மண்ணின் ஈரத்தையும் இலையின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இது கமக்காரர் யாவரும் அறிந்ததே.

ஆனால் இடம்பெயர்ந்த குடும்பத்திற்கு இக்கோடை வேறு விதமாக வருகின்றது. சொந்தக் காணியில் எந்த மூலையில் ஈரம் நிற்கும், கிணறு எந்த மாதத்தில் அடிகாணும், எந்த மண் எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் தகப்பனும் பாட்டனும் சொல்லித் தந்த அறிவு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தவர்களும் அந்த அறிவையும் காணியோடு விட்டுவிட்டே வந்தார்கள். பின்னர் உறவினர் வளவிலோ குத்தகைக் காணியிலோ மண்வெட்டியை எடுத்தபோது, மண்ணும் புதிது, கிணறும் புதிது. கிணற்றுக்குச் சொந்தக்காரரும் வேறொருவர்.

இந்நிலையில் உள்ள ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து விதை வாங்கி, இரண்டு பரப்பில் மிளகாயும் கத்தரியும் நடுகின்றது. பங்குனி வரை எல்லாம் பசுமை. வைகாசியில் கிணறு இறங்குகின்றது. எல்லாப் பாத்திக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுகிறார்கள். எல்லாப் பாத்தியும் கொஞ்சம் கொஞ்சமாக வாடுகின்றது. முடிவில் பயிரும் இல்லை, நகையும் இல்லை. கிணற்றுக்காரரோடு இருந்த நல்லுறவும் இல்லை.

இதைத் தவிர்ப்பதற்கு இப்பாடத்தில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. காணியின் அளவைப் பார்த்துப் பயிரிடாமல், நீரின் அளவைப் பார்த்துப் பயிரிடுவோம்.

1. முதலில் கணக்குப் பார்ப்போம்

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்திற்கு நீர் நின்றால் அது ஒரு லீற்றர். வெயிலும் காற்றும் மிகுந்த கோடை நாளில், நன்கு வளர்ந்து நிலத்தை மூடி நிற்கும் மரக்கறிப் பயிர் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீரைச் செலவிடும். அதாவது ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர்.

தோட்டக் காணிக் கணக்கில் ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு. ஆகவே ஒரு பரப்பு ஏறத்தாழ 250 சதுர மீற்றர். அதற்கு நாளொன்றுக்கு 1,250 லீற்றர் வேண்டும். பத்து லீற்றர் வாளியால் அள்ளினால் 125 வாளி. இரண்டு பரப்புக்கு 250 வாளி. இதை ஒரு தாயும் இரு பிள்ளைகளும் நாள்தோறும் அள்ள முடியுமா? அள்ள முடிந்தாலும் கிணறு கொடுக்குமா?

இனி மறுபக்கமாகக் கணக்கிடுவோம். உங்களுக்குக் கிடைப்பது நாளுக்கு 20 வாளி என்று வைத்துக்கொள்வோம். அது 200 லீற்றர். அந்நீர் 40 சதுர மீற்றருக்குப் போதும். அதாவது ஏறத்தாழ 20 அடிக்கு 20 அடி கொண்ட ஒரு துண்டு. அதே 20 வாளியை ஒரு பரப்பு முழுவதற்கும் தெளித்தால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர்கூடக் கிடையாது. மேல்மண் நனையும், வேர் நனையாது. மறுநாள் மதியத்திற்குள் அந்த ஈரமும் போய்விடும். பத்துப் பாத்தி வாடுவதிலும் பார்க்க இரண்டு பாத்தி நிறையக் காய்ப்பதே குடும்பத்திற்கு இலாபம்.

இக்கணக்கு எமக்குப் புதியதன்று. இரணைமடு போன்ற குளங்களின் கீழ் சிறுபோகம் செய்வதற்கு முன் கூட்டம் கூடி, குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்தே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிப்பார்கள். நீர் குறைந்த ஆண்டில் வயலும் குறையும். குளத்திற்குச் செய்யும் அதே காரியத்தைக் கிணற்றிற்கும் செய்வோம் என்பதே எமது வேண்டுகோள்.

மிச்சக் காணியை என்ன செய்வது? சித்திரை மழையோடு எள்ளு, பயறு, கௌபி விதைக்கலாம். குறுகிய காலத்தில் விளைந்து, குறைந்த ஈரத்தைத் தாங்கும் பயிர்கள் இவை. வேலியோரம் முருங்கை, அகத்தி நிற்கட்டும். மரவள்ளி ஒருமுறை வேர்கொண்டுவிட்டால் கோடையைப் பொறுத்து நிற்கும். வாழையை மட்டும் மறந்தும் தோட்டம் முழுவதும் நடவேண்டாம். அது பெருங்குடியன். குளிக்கும் நீரும் உடுப்புத் தோய்க்கும் நீரும் ஓடும் இடத்தில் இரண்டு மூன்று வாழை போதும்.

2. கிணற்றை அறிந்துகொள்வோம்

ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். காலையில் எவரும் நீர் அள்ளுமுன் கிணற்றில் எத்தனை முடிச்சு நனைகின்றது என்று பாருங்கள். மாலையில் இறைத்து முடிந்ததும் மறுபடி பாருங்கள். கிழமைக்கு இரண்டு நாள் இதைப் பிள்ளைகளின் கொப்பியில் குறித்து வையுங்கள். இரவில் ஊறிய நீர் காலையில் பழைய மட்டத்திற்கு வந்திருந்தால் கிணறு தாங்குகின்றது. வரவில்லையென்றால் நாம் ஊற்றை மிஞ்சி இறைக்கிறோம். அன்றே ஒரு பாத்தியைக் குறைக்க வேண்டும்.

குடாநாட்டிலும் தீவகத்திலும் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, நிலத்தின் கீழே கடலிலிருந்து வரும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் இலேசானது, உவர்நீர் பாரமானது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனாலேயே. கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயர்ந்திருந்தால், கடல் மட்டத்தின் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலவியலாளரின் பொதுக் கணக்கு. மேலே ஓர் அடியை இழந்தால் கீழே எவ்வளவை இழக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதன் களைத்தான், கிணறு ஆறியது. இறைப்பு இயந்திரம் களைப்பதில்லை. ஆகவே ஒரேயடியாக நெடுநேரம் இறைக்காமல், சிறிது சிறிதாக இடைவெளி விட்டு இறைக்க வேண்டும். நீரின் சுவை மாறினாலோ, இலைகளின் ஓரம் கருகினாலோ உடனே இறைப்பைக் குறையுங்கள். ஒருமுறை உவரான கிணறு நன்னீராவதற்கு ஒரு மாரி போதாமலும் போகலாம்.

நெடுங்காலத்தின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உரியவர்கள் உறுதி சொல்லாத காணியில் கிணற்றடிக்குப் போகவேண்டாம். பழைய கிணற்றைத் துப்புரவாக்கும்போது இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்க வேண்டாம். அதன் புகை கண்ணுக்குத் தெரியாமலே ஆளைக் கொல்லும்.

3. ஊற்றிய நீரை மண்ணில் தங்க வைப்போம்

கிணற்றிலிருந்து அள்ளிய நீர் முழுவதும் பயிருக்குப் போவதில்லை. ஒரு பங்கு வாய்க்காலில் போகின்றது, ஒரு பங்கு வெயிலில் போகின்றது, ஒரு பங்கு காற்றில் போகின்றது. இப்பங்குகளை மீட்பது புதிதாக ஒரு கிணறு வெட்டுவதற்குச் சமம்.

தாழ்ந்த பாத்தி: மாரியில் நீர் தேங்காதிருக்க மேட்டுப்பாத்தி போடுகிறோம். பலர் அதே பாத்தியிலேயே கோடையிலும் நடுகிறார்கள். மேட்டுப்பாத்தி நாலு பக்கமும் காயும். கோடைக்குப் பாத்தியை நிலமட்டத்திலிருந்து நாலு விரற்கடை தாழ்த்தி, சுற்றிவர வரம்பு கட்டுங்கள். ஊற்றிய நீர் ஓடாது. ஒரு மழை பெய்தால் அதுவும் உள்ளேயே நிற்கும்.

மூடுபடை: பயிர்களின் இடையே வெறும் மண் தெரியக் கூடாது. வைக்கோல், காய்ந்த இலை, வாழைச் சருகு, நறுக்கிய பனையோலை, கிளிசரிடியாக் குழை எதுவானாலும் இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில் பரப்புங்கள். வெயில் மண்ணில் நேரே படாது. களையும் குறையும். செடியின் அடியைச் சுற்றி மூன்று விரல் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் தண்டு அழுகும், கறையானும் ஏறும். கறையான் மிகுந்த இடத்தில் கிழமைக்கு ஒருமுறை மூடுபடையைக் கிளறிப் பாருங்கள்.

எரு: மணல் நிலத்தில் ஊற்றிய நீர் நில்லாமல் இறங்கிவிடும். உக்கிய சாணமும் கூட்டெருவும் அதைப் பிடித்து வைக்கும். வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் கல்லாக இறுகி நீரை உள்ளே விடாது. அதற்கும் எருவே மருந்து. எரு குறைவாக இருந்தால் பாத்தி முழுவதும் தூவாமல், நடும் குழியில் மட்டும் இரண்டு கைப்பிடி இடுங்கள். பச்சைக் குழையைத் தாழ்ப்பதை மாரி தொடங்கும் காலத்திற்கு வைத்துக்கொள்ளுங்கள். உக்குவதற்கு அதற்கும் ஈரம் வேண்டும்.

காற்று மறைப்பு: சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது. ஆகவே தோட்டத்தின் தெற்கிலும் மேற்கிலும் கிடுகாலோ ஓலையாலோ வேலி கட்டுங்கள். சிறிது காற்றுப் புகும் வேலியே நல்லது. முற்றாக அடைத்த வேலியின் மேலாகக் காற்றுப் பாய்ந்து சுழன்று விழும். நல்ல வேலி தன் உயரத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரம்வரை காற்றின் வேகத்தைத் தணிக்கும். புதிதாக நட்ட கன்றுக்கு முதற் கிழமை ஒரு தென்னோலைத் துண்டால் மேற்குப் பக்கம் நிழல் கொடுங்கள்.

நீர் விடும் நேரமும் முறையும்: வெயில் சாய்ந்தபின் அல்லது விடியற்காலையில் விடுங்கள். இலைக்கு அன்று, வேருக்கு விடுங்கள். நாள்தோறும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே படரும். ஒருநாள் விடாவிட்டாலும் செடி விழுந்துவிடும். வேர்கொண்ட செடிக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனைய விட்டால் வேர் கீழே தேடிப்போகும். நீர் வேண்டுமா இல்லையா என்று அறிய அரைச் சாண் ஆழத்தில் மண்ணை எடுத்துக் கையில் பிடியுங்கள். உருண்டையாக நின்றால் இன்று விடத் தேவையில்லை. மணல் நிலத்தில் உருண்டை பிடிபடாது. அங்கே கைக்குக் குளிர்ச்சி தெரிகின்றதா என்று பாருங்கள்.

புதைத்த முட்டி: பூச்சுப் பூசாத மண்முட்டியைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிடுங்கள். சுற்றியுள்ள மண் காயக் காய முட்டி நீரைக் கசியவிடும். மண் நனைந்திருந்தால் கசிவு குறையும். சீனத்தில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இம்முறையை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு முட்டியைச் சுற்றி நாலு பூசணி, பாகல் அல்லது கத்தரி நடலாம். வாங்கிய முட்டி நல்லதா என்று அறிய நீர் நிரப்பி ஓர் இரவு வையுங்கள். காலையில் வெளிப்புறம் ஈரமாக இருந்தால் அது உதவும். இன்னொரு நன்மையும் உண்டு. மீண்டும் இடம் மாற நேர்ந்தால் முட்டி உங்களோடு வரும்.

4. வாட்டமா, நோயா?

வாடிய செடியைக் கண்டதும் தண்ணீர் விடுவது எமது இயல்பு. ஆனால் வாட்டமெல்லாம் தாகமன்று. நோயுற்ற செடிக்கு விடும் நீர் வீண், சிலவேளை நோயைப் பக்கத்துச் செடிக்கும் கொண்டுபோகும்.

நண்பகலில் வாடி மாலையில் நிமிரும் செடி பெரும்பாலும் நலமாகவே உள்ளது. வெயிலின் வேகத்திற்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவே. விடியற்காலையிலும் வாடி நின்றால் அரைச் சாண் தோண்டிப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் நோய். தக்காளி, கத்தரி ஆயின் அடித்தண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போன்ற கசிவு நூலாக இறங்கினால் அது பற்றீரியா வாடல் நோய். அச்செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அவ்விடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் உடனே நடவேண்டாம்.

மிளகாயின் இலை சுருளும் குருமனைக் கோடையில் காணாத தோட்டம் இல்லை. இலை மேல்நோக்கித் தோணி போல் மடிந்தால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கவிழ்த்த தோணி போல் கீழ்நோக்கி மடிந்தால் சிற்றுண்ணி. வெண்ணிற ஈ பரப்பும் வைரசும் இலையைச் சுருட்டும். வைரசுக்கு மருந்தில்லை. இளங்கன்றில் கண்டால் பிடுங்குவதே வழி. இப்பூச்சிகளில் பனிப்பூச்சியும் வெண்ணிற ஈயும் வறண்ட காலத்தில் பெருகுவன. தாகத்தால் நலிந்த செடியில் இவற்றின் கேடும் கூடும்.

வேப்பங்கொட்டைக் கரைசலை வீட்டிலேயே செய்யலாம். ஆனி, ஆடியில் விழும் பழத்தைப் பொறுக்கிச் சதை நீக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள். தேவைப்படும்போது கோதுடைத்து, ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் பருப்பு வீதம் இடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். கிழமைக்கு ஒருமுறை போதும்.

யூரியாவைக் காய்ந்த மண்ணில் இடவேண்டாம். வேர் கருகும். நீர் விட்டபின் சிறிதளவாக இடுங்கள். மிஞ்சியது சுண்ணாம்புக் கல்லினூடாகக் கிணற்றிற்கே இறங்கும். அக்கிணற்றிலேதான் எமது குழந்தைகளும் குடிக்கிறார்கள்.

5. நீர் மிகக் குறைந்தால் எப்போது விடுவது?

எல்லா நாளும் பயிருக்கு ஒன்றல்ல. பயறும் கௌபியும் பூக்கும் போதும் காய் முற்றும் போதும் தாகம் பொறுக்கா. சோளம் ஆண்பூவும் பட்டும் தள்ளும் நாட்களில் பொறுக்காது. வெங்காயம் கிழங்கு பருக்கும்போது பொறுக்காது. தக்காளிக்கு ஒருநாள் வெள்ளமும் ஒருகிழமை வரட்சியுமாக விட்டால் காயின் அடி கறுத்து அழுகும். கையில் உள்ள நீர் சிறிதானால் அதை இந்நாட்களுக்கென்று சேமியுங்கள்.

6. கிணறும் உறவும்

தொடக்கநூல் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் வரலாறு உண்டு. பஞ்சத்தால் இடம்பெயர்ந்து பிறர் நாட்டில் தங்கிய கமக்காரன் அவர். அந்நிலத்தில் விதைத்து நூறு மடங்கு அறுத்தார். அதைக் கண்டு ஊரவர் பொறாமை கொண்டனர். அவரது தந்தையின் காலத்துக் கிணறுகள் மண்ணால் மூடப்பட்டன. அவர் வேறிடம் சென்று கிணறு தோண்டினார். அங்கும் தண்ணீர் எமது என்று வழக்கு வந்தது. மறுபடி தோண்டினார், மறுபடியும் சண்டை. மூன்றாம் கிணற்றுக்குச் சண்டை வரவில்லை. அதற்குப் பரந்த இடம் என்று பொருள்படப் பெயரிட்டார். பின்னர் அந்நாட்டு அரசனே தேடிவந்து அவரோடு உடன்படிக்கை செய்து ஒன்றாக உணவருந்தினான்.

எமக்கு மூன்று கிணறு தோண்ட வசதியில்லை. இருக்கும் ஒரு கிணற்றிலேயே அந்தப் பரந்த இடத்தை உண்டாக்க வேண்டும். இந்நாட்டின் வரண்ட பிரதேசத்துச் சிங்களக் கிராமங்களில் 'பெத்ம' என்றொரு வழக்கம் உண்டு. குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாத ஆண்டில், நீர் பாயக்கூடிய வயலை மட்டும் எல்லோரும் பகிர்ந்து செய்வார்கள். எவர் வயல் என்று பாராமல், எவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே அதன் பொருள். கிணற்றடியிலும் இது இயலும்.

கிணற்றுக்காரக் குடும்பமும் வந்திருக்கும் குடும்பங்களும் கோடை தொடங்குமுன் ஒருநாள் கூடியிருந்து பேசுங்கள். முதலில் குடிநீர், அடுத்து கால்நடை, அதன்பின் பயிர் என்று வரிசை வையுங்கள். எவருக்கு எந்த நாள், எத்தனை வாளி அல்லது எத்தனை நிமிட இறைப்பு என்று எழுதுங்கள். முடிச்சுக் கயிற்றை எல்லோரும் பார்க்கட்டும். நீர்மட்டம் குறித்த முடிச்சுக்குக் கீழே இறங்கினால் எல்லோரும் ஒரே விகிதத்தில் குறைப்பது என்று முன்கூட்டியே உடன்படுங்கள். வாளி கையில் இருக்கும்போது பேசினால் சண்டை. கயிற்றைப் பார்த்துப் பேசினால் கணக்கு.

'பிறர் காணிக்கு நாம் ஏன் எருப் போட வேண்டும்? நாளைக்கு எழும்பு என்றால் எழும்ப வேண்டியவர்கள்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. இது நியாயமான கேள்வி. இதற்கும் அக்கூட்டத்திலேயே விடை தேடுங்கள். எருவும் வேலியும் நாம் இடுவது, அதற்கு ஈடாக இரண்டு போகமாவது எழுப்பாதிருப்பது என்று பேசி எழுதிக்கொள்ளலாம். இருவருக்கும் அதில் நன்மை உண்டு. நாம் போனபின் கிணறு வற்றாமலும் மண் பழுதாகாமலும் இருந்தால், அடுத்து வரும் குடும்பத்திற்கு அந்தப் படலை மூடப்படாது.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது குடும்பத்திற்கு நாளொன்றுக்கு எத்தனை வாளி நீர் பயிருக்குக் கிடைக்கின்றது? அது எத்தனை சதுர மீற்றருக்குப் போதும்? இப்போது எவ்வளவு நட்டிருக்கிறோம்?

2. எமது கிணறு இரவில் எத்தனை முடிச்சு ஊறுகின்றது? இதை எவர் பார்த்துக் குறிப்பார்?

3. மூடுபடைக்கு எமது சுற்றாடலில் செலவின்றிக் கிடைப்பது எது?

4. எமது கிணற்றடியில் இதுவரை வந்த சண்டைகள் எந்த மாதத்தில் வந்தன? அதற்கு முந்திய மாதத்தில் நாம் என்ன பேசியிருக்கலாம்?

5. ஈசாக்கின் வரலாற்றை வாசியுங்கள். அதில் நாம் எந்தக் கிணற்றடியில் நிற்கிறோம்?

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் தன் முடிச்சுக் கயிற்றையும் கொப்பியையும் கொண்டுவரட்டும்.